இத்தாலியில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு: கரண்ட் கம்பெனியை மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பது எப்படி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் தொழில் கற்றுக்கொண்டு அர்சிஞ்ஞானோ, சாந்தா க்ரோச்சே பக்கம் தோல் வேலைக்குப் போனவர்கள், வி.ஐ.டி.யில் முடித்துவிட்டு மிலானுக்கும் டுரினுக்கும் மேல்படிப்புக்குப் போன பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பி அங்கே இருக்கிறான். அவனுடைய கரண்ட் பில்லும் அவன் நண்பர்களுடைய பில்லும் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிடும், சத்துவாச்சாரியில் உட்கார்ந்தபடியே அவற்றைப் படித்துப் பார்த்து எந்தக் கம்பெனி, எந்தத் திட்டம் என்று சொல்வது இப்போது என் வேலையாகவே ஆகிவிட்டது. திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைப் போனில் சொல்வதைவிட ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம்.

நமக்கு இதில் பழக்கமே கிடையாது. வேலூரில் கரண்ட் என்றால் ஈ.பி. ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள், முதல் கொஞ்சம் யூனிட் இலவசம், மீதிக்கு அரசு வைத்த விலை, கட்டிவிட்டு வந்துவிடுவோம். யாரிடம் வாங்குவது என்ற கேள்வியே எழாது. இத்தாலியில் 2007 ஜூலை 1 முதல் கரண்ட் விற்கும் கம்பெனியை வீட்டில் குடியிருப்பவர்களே தேர்ந்தெடுக்கலாம். விலையை அரசு அமைப்பு நிர்ணயித்துக் கொடுத்த பழைய ஏற்பாடும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது, 2024 ஜூலை 1-உடன் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவும் முடிந்தது. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பங்கள் போன்றவர்களுக்கு மட்டும் அது இன்னும் உண்டு. மற்றவர்கள் மெர்காத்தோ லிபெரோ என்கிற திறந்த சந்தையில்தான் வாங்க வேண்டும். அங்கே ஏராளமான கம்பெனிகள், ஒவ்வொன்றும் ஒரு விலை, அதே கம்பெனியே பழைய ஆளுக்கு ஒரு விலையும் புது ஆளுக்கு ஒரு விலையும் போடும். சும்மா இருக்கிறவருக்குத்தான் நஷ்டம்.

மாற்றினால் கரண்ட் போய்விடுமோ, மீட்டரைக் கழற்றுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஒன்றும் ஆகாது. கம்பியும் மீட்டரும் அந்த ஊரின் விநியோக நிறுவனத்துடையவை. பெரும்பாலான ஊர்களில் அது இ-திஸ்த்ரிபுசியோனே, மிலானில் உனாரெத்தி, ரோமில் அரேத்தி. நீங்கள் எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அது மாறாது, கரண்ட் நின்றுபோனால் வந்து சரிசெய்வதும் அவர்கள்தான். ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்கு நம்பரை மாற்றாமல் போவோமே, அந்த மாதிரி பில் போடுகிறவர் மட்டும்தான் மாறுகிறார். மாறுவதற்குக் கட்டணமும் கிடையாது, சில ஒப்பந்தங்களில் மட்டும் வரும் அபராதத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் பில் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. அவர் சம்மதித்தால் கனெக்‌ஷனை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வொல்தூரா என்று பெயர், கொஞ்சம் கட்டணம் உண்டு, பெயர் மாற்றும்போதே கம்பெனியையும் சேர்த்து மாற்றிக்கொள்ளவும் இப்போது வழி இருக்கிறது. முன்பு இருந்தவர் காலி செய்துவிட்டுக் கனெக்‌ஷனை மூடிவிட்டுப் போயிருந்தால் அது சுபென்த்ரோ, அதாவது மூடிய மீட்டரைத் திறக்க வைப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான படிவத்தைப் போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும், அதனால் வீட்டுச் சாவி வாங்கும்போதே கரண்ட் ஓடுகிறதா மூடியிருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து பில். கையில் கிடைக்கும் கடைசி பில்லை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையிலிருந்து எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அமைப்பில் பில் போட வேண்டும் என்று அரேரா, அதாவது அந்த நாட்டின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், சொல்லிவிட்டது. அதில் கடை ரசீது மாதிரி ஒரு பகுதி வரும், ஸ்கொந்த்ரீனோ என்பார்கள், எத்தனை யூனிட்டுக்கு எவ்வளவு, மாதாமாதம் நிலையாக எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். அங்கே கிலோவாட் ஹவர் (kWh) என்று இருப்பதுதான் நம்ம யூனிட். பில்லில் நீங்கள் தேட வேண்டியது முக்கியமாக மூன்று. ஒன்று, IT என்ற எழுத்துகளில் தொடங்கும் பி.ஓ.டி. (POD) நம்பர், இதுதான் உங்கள் வீட்டு இணைப்பின் அடையாளம், கம்பெனி மாறினாலும் இது மாறாது. இரண்டு, வருடத்துக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. மூன்று, நீங்கள் இப்போது இருக்கும் திட்டத்தின் பெயர்.

அந்த மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. திட்டத்தின் பெயரில் தூத்தெலே கிராதுவாலி என்று இருந்தால் தயவுசெய்து அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். 2024 ஜூலை வரைக்கும் பழைய அரசு விலையிலேயே இருந்தவர்களை ஏலத்தில் வென்ற கம்பெனிகளிடம் ஒப்படைத்த ஏற்பாடு அது, 2027 மார்ச் 31 வரை ஓடும், சந்தையில் கிடைக்கும் பல ஆஃபர்களைவிட மலிவு. ஒருமுறை விட்டுவிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. போனில் கூப்பிட்டு மாறச் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, இப்போது விலையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. கம்பி வழியாகக் கொண்டுவரும் செலவு, அரசு வசூலிக்கும் கட்டணங்கள், வரி, இவை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். கம்பெனி வைக்கும் விலை இரண்டே இரண்டு: யூனிட்டுக்கு இவ்வளவு என்ற விலை, அப்புறம் நீங்கள் ஒரு யூனிட்கூட ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் நிலைக்கட்டணம். விளம்பரத்தில் முதலாவது பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாவது எங்கேயோ அடியில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு கம்பெனி யூனிட்டுக்கு 0.13 யூரோ, வருட நிலைக்கட்டணம் 156 யூரோ என்கிறது. இன்னொன்று யூனிட்டுக்கு 0.15 யூரோ, நிலைக்கட்டணம் 84 யூரோ என்கிறது. கணவன் மனைவி இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 1,800 யூனிட் ஓடுகிறது என்றால் முதலாவதில் 390 யூரோ, இரண்டாவதில் 354 யூரோ. யூனிட் விலை குறைவாக இருக்கும் கம்பெனிதான் அதிகம் பிடுங்குகிறது. தனியாக அறை எடுத்துத் தங்கி 900 யூனிட் மட்டும் ஓட்டும் மாணவனுக்கு 273-க்கும் 219-க்கும் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. வருடம் 3,600 யூனிட்டைத் தாண்டினால்தான் முதலாவது லாபம், அவ்வளவு ஓட்டும் நம்ம ஆட்கள் குறைவு. அதனால் குறைவாக ஓட்டுகிறவர் நிலைக்கட்டணத்தை முதலில் பாருங்கள், அப்புறம்தான் யூனிட் விலை.

இந்தக் கணக்கை எல்லாக் கம்பெனிக்கும் நீங்களே போட வேண்டியதில்லை. போர்த்தாலே ஒஃபெர்த்தே என்று அரசு சார்பில் ஒரு தளம் இருக்கிறது, அரேராவுக்காக அக்குய்ரென்தே உனிகோ என்ற பொது நிறுவனம் நடத்துவது. ஊர் பின்கோடு, வருட யூனிட், மீட்டரின் பவர் (எத்தனை கிலோவாட் என்பது) இதையெல்லாம் போட்டால் உங்களுக்கு ஒரு வருடத்துக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று குறைந்ததிலிருந்து வரிசையாகக் காட்டும். தனியார் ஒப்பீட்டுத் தளங்களும் நிறைய உண்டு, ஆனால் அவர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு, தங்களோடு ஒப்பந்தம் உள்ள கம்பெனிகளைத்தான் முன்னால் காட்டுவார்கள், அதனால் என் தம்பிக்கு நான் அரசுத் தளத்தில் மட்டும்தான் பார்ப்பேன். வருட யூனிட் தெரியவில்லை என்றால் பழைய பில்லைத் தேடி அலைய வேண்டாம். போர்த்தாலே கொன்சூமி என்று இன்னொரு அரசுத் தளம் இருக்கிறது, ஸ்பிட் என்கிற டிஜிட்டல் அடையாளத்தை வைத்து உள்ளே போனால் உங்கள் மீட்டரில் மாதாமாதம் ஓடியது எல்லாம் தெரியும்.

நிலையான விலையா, மாறும் விலையா? இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. மாறும் விலை என்றால், நாடு முழுவதுக்கும் மொத்தச் சந்தையில் வரும் விலை ஒன்று இருக்கிறது, புன் என்று சொல்வார்கள், அதன் மேல் கம்பெனி தன் பங்கு என்று யூனிட்டுக்கு ஓரிரு சென்ட் வைக்கும். புன் இறங்கினால் உங்கள் பில்லும் இறங்கும், ஏறினால் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை 2022 காட்டிவிட்டது. 2020-இல் யூனிட்டுக்குச் சராசரியாக 4 சென்ட்டுக்கும் கீழே இருந்த புன், ரஷ்ய எரிவாயு வரத்து வெகுவாகக் குறைந்த 2022-இல் 30 சென்ட்டைத் தாண்டியது, அந்த வருடம் ஆகஸ்டில் மட்டும் 54 சென்ட். இத்தாலியில் கரண்ட்டின் கணிசமான பகுதி எரிவாயுவை எரித்து வருவதால் எரிவாயு விலை ஏறினால் இதுவும் கூடவே ஏறுகிறது. 2024-இல் சராசரி 11 சென்ட்டுக்குச் சற்றுக் கீழே வந்தது. என் கருத்தைக் கேட்டால், போய் முதல் வருடம், சம்பளத்தில் பாதி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறவர், குழந்தை குட்டியோடு இருக்கிறவர், இவர்கள் நிலையான விலையை எடுங்கள், இரண்டு சென்ட் கூடப் போனாலும் பில் இவ்வளவுதான் வரும் என்று தெரியும். மாதாமாதம் புன் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு, ஏறத் தொடங்கினால் உடனே மாறிவிடும் பொறுமை உள்ளவர் மாறும் விலைக்குப் போகலாம். இரண்டுமே 12 மாதக் கணக்கில்தான் பெரும்பாலும் வரும். நிலையான விலையில் சில கம்பெனிகள் காலத்துக்கு முன்பே விட்டுப் போனால் அபராதம் போடுகின்றன, 2024 ஜனவரி முதல் எழுதிய ஒப்பந்தங்களில் அதற்கு அனுமதி உண்டு, கையெழுத்துப் போடும் முன்பு அந்த நிபந்தனை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நேரத்துக்கு ஏற்ற விலையும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணி வரை ஒரு விலை, மாலைக்குப் பிறகும் இரவிலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் அதைவிடக் குறைந்த விலை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வாஷிங் மெஷினை இரவிலும் மாவரைப்பதை ஞாயிறன்றும் வைத்துக்கொள்கிற வீட்டுக்கு இது பொருந்தும். ஆனால் டேனரியில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு மதியம் இரண்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்து சமையல், துணி, குளியல் எல்லாம் அப்போதே பார்க்கிறவர்களுக்கும், மனைவி குழந்தைகள் பகலில் வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் எந்த நேரமும் ஒரே விலை என்கிற மோனோராரியாதான் நல்லது. பில்லில் எஃப்1, எஃப்2, எஃப்3 என்று மூன்றாகப் பிரித்து யூனிட் போட்டிருப்பார்கள், எஃப்1 பகல் நேரம். அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நேர விலை பக்கம் போகாதீர்கள்.

போன் கால் பற்றி கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். நம்ம ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். "உங்கள் கம்பெனி மூடப்போகிறது", "அடுத்த மாதம் விலை இரண்டு மடங்கு", "நாங்கள் மீட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்று வேகவேகமான இத்தாலியனில் பேசுவார்கள். மொழி முழுசாகப் புரியாதவர் மரியாதைக்குச் சரி சரி என்று சொல்லிக்கொண்டே போவார், பி.ஓ.டி. நம்பரைக் கேட்டால் படித்தும் காட்டிவிடுவார், அடுத்த மாதம் தெரியாத ஒரு கம்பெனியிலிருந்து பில் வந்து நிற்கும். கம்பியை வைத்திருக்கும் விநியோக நிறுவனம் யாருக்கும் போன் போட்டு ஆஃபர் விற்பதில்லை. பி.ஓ.டி. நம்பரையும் கோதிச்சே ஃபிஸ்காலேயையும் (நம்ம பான் நம்பர் மாதிரி அங்கே கொடுக்கும் வரி அடையாள எண்) போனில் யாருக்கும் சொல்லாதீர்கள், நீங்களாகக் கூப்பிட்ட கம்பெனியைத் தவிர. வீட்டு வாசலில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு வந்து பில்லைக் காட்டுங்கள் என்பவரிடமும் இதே பதில்தான். ஏமாந்து சரி சொல்லிவிட்டாலும் பதற வேண்டாம். போனிலோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள், நீங்கள் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்தவரிடம் செய்ததை 30 நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யலாம். இந்த உரிமைக்கு ரிபென்சமென்தோ என்று பெயர், எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்துகொள்ளும் அரசுப் பட்டியலில் 2022-லிருந்து மொபைல் நம்பரையும் சேர்க்கலாம், எல்லா அழைப்பும் நிற்காது, ஆனாலும் பதிந்து வையுங்கள்.

கம்பெனியை முடிவு செய்தபின் விண்ணப்பிப்பது சுலபம், அவர்கள் தளத்திலேயே செய்துவிடலாம். பி.ஓ.டி. நம்பர், கோதிச்சே ஃபிஸ்காலே, அடையாள அட்டை, மீட்டரின் பவர், வங்கிக் கணக்கின் ஐபான் நம்பர், இவை போதும். வங்கியிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் டெபாசிட் கேட்க மாட்டார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் பெயரில்தான். இங்கே இனிஷியல் போட்டு ஒரு பெயர் வைத்திருப்போம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். கோதிச்சே ஃபிஸ்காலே அட்டையில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்துகூட மாறாமல், படிவத்திலும் போடுங்கள். முன்பின் மாறினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

பழைய கம்பெனிக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், ரத்து செய்யவும் வேண்டாம். ரத்து செய்தால் கனெக்‌ஷனையே மூடுகிறோம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. புதுக் கம்பெனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், வழக்கமாக ஒரு மாதத்தின் முதல் தேதியிலிருந்து மாற்றம் நடக்கும். பழைய கம்பெனியிடமிருந்து கடைசி பில் ஒன்று வரும், அதை மட்டும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். ஓடிப்போனால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அந்தப் பாக்கி புதுக் கம்பெனியின் பில்லில் தனித் தொகையாக வந்து உட்காரும்.

கம்பெனியை மாற்றாமலே மிச்சமாகும் விஷயங்களும் இருக்கின்றன, சொல்லப்போனால் சில பேருக்கு இதில்தான் அதிகம் மிஞ்சும். பில்லில் உங்களை ரெசிதென்தே, அதாவது அந்த வீட்டில் பதிவு செய்து குடியிருப்பவர், என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நகராட்சியில் குடியிருப்பைப் பதிவு செய்துவிட்டுக் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டவர்கள் நிறைய. ரெசிதென்தே இல்லாதவர் அரசுக் கட்டணங்களில் ஒரு நிலையான தொகையைக் கூடுதலாகக் கட்டுகிறார், யூனிட் வரியிலும் சலுகை கிடைக்காது. பதிவு செய்ததும் கம்பெனிக்கு எழுதிவிடுங்கள்.

ஆனால் ரெசிதென்தே ஆனதும் டிவி வரி பில்லில் வரத் தொடங்கும். வருடத்துக்கு 90 யூரோ, ஜனவரி முதல் அக்டோபர் வரை மாதம் 9 யூரோவாகப் பிடிப்பார்கள். வீட்டில் டிவியே இல்லை, எல்லாம் போனிலும் லேப்டாப்பிலும்தான் என்றால் டிவி இல்லை என்ற அறிவிப்பை வருமான வரித் துறைக்கு, அஜென்சியா தெல்லே என்த்ராதேவுக்கு, கொடுக்க வேண்டும். ஜனவரி 31-க்குள் கொடுத்தால் அந்த வருடம் முழுக்க இல்லை, ஜூன் 30-க்குள் கொடுத்தால் பின்பாதி ஆறு மாதம் இல்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். டிவி வைத்துக்கொண்டு இல்லை என்று எழுதுவது குற்றம், அதைச் செய்யாதீர்கள்.

மீட்டரின் பவர் பெரும்பாலான வீடுகளில் 3 கிலோவாட். இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், வாஷிங் மெஷின் மூன்றும் ஒன்றாக ஓடினால் மீட்டர் ட்ரிப் ஆகிவிடும். அதற்காகப் பலர் 4.5-க்கு ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் வருடத்துக்கு இருபது யூரோவுக்கு மேல் நிலையாகக் கூடும், ஏற்றுவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. சமைத்து முடித்த பிறகு வாஷிங் மெஷினைப் போட்டாலே இந்தச் செலவு வராது.

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கரண்ட் பில்லில் தள்ளுபடி கொடுக்கிறது. ஈசே என்ற குடும்ப வருமானக் கணக்கு 2025-இல் 9,530 யூரோவுக்குள் இருந்தால், நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் 20,000 யூரோவுக்குள் இருந்தால், கிடைத்தது. வரம்பு மாறக்கூடியது, அதனால் அந்தந்த வருடக் கணக்கை காஃப் (வரி, அரசு உதவிப் படிவங்களுக்கு உதவும் மையம்) அலுவலகத்தில் கேளுங்கள், ஈசே படிவத்தையும் அங்கே இலவசமாகப் போட்டுக் கொடுப்பார்கள். போட்டுவிட்டால் தள்ளுபடி தானாகவே பில்லில் வரும், தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்காக இந்தக் கணக்கை எப்படியும் போடுவார்கள், கரண்ட்டுக்கும் அது செல்லுமா என்று காஃபில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கம்பெனியின் முதல் பில் வந்ததும் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து யூனிட் விலை, நிலைக்கட்டணம் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். 12 மாதம் முடியும் நேரத்தில் புது விலையைச் சொல்லி ஒரு கடிதமோ மெயிலோ வரும், படிக்காமல் விட்டால் அந்த விலை தானாகவே அமலுக்கு வந்துவிடும், பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் பத்தாவது மாதமே போனில் அலாரம் வைத்துக்கொண்டு மறுபடியும் போர்த்தாலே ஒஃபெர்த்தேவைத் திறந்து பாருங்கள். பில் தப்பாக இருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் ரெக்லாமோ, அதாவது புகார், அனுப்புங்கள். 40 நாள் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, அரேராவின் சமரசச் சேவைக்கு இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், வக்கீல் தேவையில்லை. எப்படிச் செய்வது என்று கேட்க நுகர்வோருக்கான கட்டணமில்லா எண் 800 166 654. இத்தாலியன் நன்றாகப் பேசும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பில்லையும் ஒப்பந்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.